இடது பக்கத்து ஜன்னல்

விமானத்தில் ஒரு பெண்ணுக்காக என் சீட்டை விட்டுக்கொடுத்து எழுந்து நின்றவன் நான். மொத்த விமானமும் கை தட்டியது.

பொய். யாரும் கை தட்டவில்லை. நான் எழுந்து நிற்கவும் இல்லை. எழப் பார்த்தேன், சீட்டு என்னை விடவில்லை. இரண்டு பக்கமும் இருந்த கைப்பிடிகள் இடுப்பைக் கவ்விக்கொண்டு என் கூடவே கிளம்பப் பார்த்தன. விட்டுக்கொடுத்தது வேறொருத்தர். ஆனால் கடையில் இந்தக் கதையைச் சொல்லும்போது இந்தப் பொய்யைத்தான் முதலில் எடுத்துவிடுவேன். சிரித்துவிட்டு மிச்சத்தைக் கேட்காமல் போய்விடுவார்கள். அதுதான் எனக்கும் வேண்டியது.

நான் கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் ஒரு டிபன் கடையில் தோசை மாஸ்டர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பெஞ்சு தாங்கவில்லை என்று நிறுத்திவிட்டதாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் தாங்காதது தலைதான். உடம்பு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. கல்லில் ஊற்றுகிற முதல் தோசை எப்போதும் சரியாக வராது. பிய்ந்துபோகும், ஒட்டிக்கொள்ளும். அதை வாடிக்கையாளருக்குப் போட முடியாது, குப்பையில் போடவும் மனசு வராது. அதனால் மாஸ்டரின் வயிற்றில் போடுவது வழக்கம். காலையில் ஒரு கல், மாலையில் ஒரு கல். இத்தனை வருடமாகக் கல்கத்தாவில் பிய்ந்துபோன முதல் தோசை எல்லாம் சேர்ந்து நடமாடுவதுதான் நான். இரண்டாவது தோசையையும் ஏன் சாப்பிட்டாய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நல்லவேளை.

என் மனைவி ஒல்லி. எங்களைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் என்னை ஒரு முறையும் அவளை இரண்டு முறையும் பார்ப்பார்கள். முதல் முறை கண்ணுக்குத் தப்பிவிடுவாள். டாக்குரியாவில் ஒரே அறை வீடு, ஒரே கட்டில். அதில் சுவரோரமாக ஒரு சாண் அவளுக்கு, மீதி எனக்கு. சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினால் பாதி உடம்பு கம்பிமேல் இருக்கும் அவளுக்கு. ரிக்‌ஷாக்காரன் என்னைப் பார்த்ததும் சங்கிலியைக் கழற்றி வைத்துக்கொண்டு ரிப்பேர் என்பான், அது வேறு. நான் பரந்துகொண்டே போனேன், அவள் ஒதுங்கிக்கொண்டே போனாள். அதை ஒரு விஷயமாக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

காய்கறி வாங்க நான் விடியலில் டாக்குரியாவிலிருந்து லோக்கல் ரயிலில் சியால்டா போவேன். அந்த ரயிலில் ஒரு சட்டம் உண்டு. எழுதிவைக்காத சட்டம். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆள் வந்து நின்று, "ஏக்டு சேபே போஷுன், தாதா" என்பான். கொஞ்சம் ஒடுங்கி உட்காருங்கள் அண்ணே என்று அர்த்தம். மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒடுங்குவார்கள். நாலாவது ஆள் அரைப் புட்டத்தோடு தொற்றிக்கொள்வான். அங்கே தடியனுக்கும் ஒரு சட்டம் உண்டு. ஒடுங்க முடியாதவன் நிற்க வேண்டும். நான் நிற்பேன். அத்தனை வருடத்தில் அந்த ரயிலில் ஒரு நாளும் நான் உட்கார்ந்ததில்லை. அந்த மட்டில் நான் யோக்கியன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருடங்கள் கழித்து என் மனைவிக்கு இடது மார்பில் கட்டி வந்தது. இங்கேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அக்குளிலும் வெட்டி எதையோ எடுத்தார்கள். அப்புறம் அந்தக் கை வீங்க ஆரம்பித்தது. டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்: அந்தக் கையில் ஊசி கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இடிபடவே கூடாது. கொஞ்ச நாளில் கட்டி வேறு இடத்தில் தலைகாட்டியது. சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார். கல்கத்தாவில் பெரிய வியாதிக்கு எல்லோரும் தெற்கேதான் ஓடுவார்கள். எங்களுக்கு அது சொந்த ஊர்ப் பக்கம் வேறு.

ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இடிபட்டுப் போகக் கூடாது என்று விமானம். ரயில் பயணிகளையே பறக்கவைக்கிறோம் என்று புதுசு புதுசாகச் சின்ன விமானக் கம்பெனிகள் முளைத்த காலம் அது. நாங்கள் இருவருமே ஏறியதில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள் முகத்தில் கவலையைத் தாண்டி ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது.

"பிளேன்லயாவது எனக்கு ஒரு சீட்டு முழுசாக் கிடைக்குமாங்க?"

"முழுசா என்ன, ஜன்னலோட வாங்கித் தரேன்" என்றேன்.

டிக்கெட் போட்டது லேக் மார்க்கெட்டில் எங்கள் கடைக்கு எதிரே ஏஜென்சி வைத்திருந்த தமிழ்ப் பையன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி என்னை மேலிருந்து கீழே வரை ஒரு தரம் அளந்தான்.

"மாஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு ரெண்டு சீட்டாப் போட்டுடவா? இந்தப் புதுப் பிளேன்ல எல்லாம் சீட்டு ரொம்பச் சிறுசு. அண்ணிக்குக் கை வேற முடியல."

"ஏண்டா, நான் என்ன மாசமாவா இருக்கேன்? ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுடா."

ஏஜென்சியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். சிரித்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். என் வாழ்க்கையில் பல பேச்சுகளை நான் அப்படித்தான் முடித்திருக்கிறேன். சின்னவளாக இருந்த எங்கள் மகளைப் பக்கத்து வீட்டு மாசியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். மாசி என்றால் சித்தி. மகளுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும், அதனால் அழவில்லை.

டம்டம்மில் அன்று காலைப் பனி. விமானம் தாமதம். உட்காரும் இடம் முழுக்க மடியில் பெரிய எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு வங்காளிகள். குரங்குக் குல்லா, ஃபிளாஸ்க், சால்வை. ஆஸ்பத்திரி வராந்தாவை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து விமான நிலையத்தில் வைத்த மாதிரி இருந்தது. கவுன்ட்டர் பெண்ணிடம் நான் கெத்தாக, "ஜன்னல் சீட்டு, ஜன்னல்" என்று வங்காளத்தில் கேட்டு வாங்கியிருந்தேன். வாக்குக் கொடுத்தவன் அல்லவா.

உள்ளே போய் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. எங்கள் சீட்டு வலது பக்க வரிசை. அவள் ஜன்னலோரம், நான் நடுவில், எனக்கு அந்தப் பக்கம் காதில் ஒயர் மாட்டிய ஒரு காலேஜ் பெண். என் மனைவி ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் இடது கையைப் பார்த்தாள்.

"பக்கம் மாறிப்போச்சுங்க" என்றாள் மெதுவாக.

ஜன்னல் பக்கம் இருந்தது அவளுடைய நல்ல கை. வீங்கிய கை என் பக்கம். ஜன்னல் என்றால் ஜன்னல்தான் என்று நினைத்தேனே தவிர, எந்தப் பக்கத்து ஜன்னல் என்று கேட்கத் தோன்றவில்லை. ரயிலில் நின்றே போகிறவனுக்கு ஜன்னலைப் பற்றி என்ன தெரியும்.

பெல்ட் எனக்கு எட்டவில்லை. பணிப்பெண் ஒரு துண்டு பெல்ட் கொண்டுவந்து ஒட்டுப்போட்டாள். பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி அதைத் தேடி நான் இந்தப் பக்கம் நெளிந்தபோது என் முழங்கை முழுப் பாரத்தோடு அவள் இடது கைமேல் விழுந்தது. அவள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தக் கையை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டாள், குடம் தூக்குகிறவள் மாதிரி.

"இப்பிடியே வர்றேன். ரெண்டு மணி நேரந்தான."

நான் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். "மேடம், நான் நிக்கிறேன். பின்னாடி ஓரமா நின்னுக்கிறேன். எனக்குப் பழக்கந்தான், சியால்டா லோக்கல்ல தினமும் நிக்கிறவன்."

சிரிக்கக் கூடாது என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். இருந்தும் சிரித்தாள். "ஃபிளைட்ல நிற்கக் கூடாது சார்." நான் எழப் பார்த்ததும் சீட்டு விடாததும் அப்போதுதான். அவ்வளவு நாள் நான் மதித்த சட்டம் அங்கே செல்லுபடி ஆகவில்லை.

கையை விளக்கிச் சொன்னதும் அவளுக்கு முகம் மாறியது. இடது பக்க ஜன்னல்களில் இருந்தவர்களிடம் போய் ஒவ்வொருவராகக் கேட்டாள். கேட்டவர்கள் முதலில் என் மனைவியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அப்புறம் தாங்கள் வந்து உட்கார வேண்டிய இடத்தைப் பார்த்தார்கள். அதாவது என் பக்கத்து இடத்தை. உடனே ஒருத்தர், ஜன்னல் இல்லாவிட்டால் வாந்தி வரும் என்றார். ஒருத்தர் தூங்கியே போனார், கேள்வி முடிவதற்குள்.

எங்கள் வரிசைக்கு நேரே, இடது பக்கம், என்னைவிட ஒரு சுற்றுப் பெரிய வங்காளி ஒருத்தர் இருந்தார். ஜன்னல் சீட்டிலும் நடுச் சீட்டிலுமாகக் கைப்பிடியைத் தூக்கிவிட்டுப் பரவி உட்கார்ந்திருந்தார். மடியில் எக்ஸ்ரே உறை. கையில் ஓம டப்பி. இவ்வளவு நேரமும் அவர் வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தின் குறுக்கே எட்டி, வங்காளத்தில் ஆரம்பித்தேன்.

"தாதா, உங்க பக்கத்துல ஒரு சீட்டு சும்மாதானே இருக்கு?"

"சும்மா இல்ல. அதுவும் என்னுதுதான். ரெண்டு வாங்கியிருக்கேன்."

"ரெண்டா? எதுக்கு?"

அவர் தன் வயிற்றைக் காட்டினார். அப்புறம் என் வயிற்றைக் காட்டினார். "நீங்க எத்தனை வாங்கினீங்க?"

"ஒண்ணு."

"ஏன்?"

மாசமாக இருக்கும் ஜோக் நாக்கு வரைக்கும் வந்தது. என் மனைவி கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததை விழுங்கிவிட்டேன்.

"தாதா, நானும் தடியன், நீங்களும் தடியன்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. மளிகைக் கடையில் எடை சரிபார்க்கிற மாதிரி பேசினார். "என் உடம்பு அடுத்தவங்க மேல விழக் கூடாதுன்னு நான் ரெண்டு எடுத்தேன். உங்க உடம்பு பௌதி மேல விழுந்தாப் பரவாயில்லன்னு நீங்க ஒண்ணு எடுத்தீங்க. இப்ப உங்களுக்கும் சேர்த்து நானே ஒடுங்கணுமா? சொல்லுங்க, இது நியாயமா?"

பௌதி என்றால் அண்ணி. பார்த்த உடனே அவளை அண்ணி ஆக்கிவிட்டார்.

"நியாயம் இல்ல" என்றேன்.

அவர் வாயிலிருந்த ஓமத்தை மென்று விழுங்கினார். அப்புறம் பெருமூச்சு விட்டு, தூக்கிவிட்ட கைப்பிடியைக் கீழே இறக்கினார். ஒரு மூட்டையை நகர்த்துகிற மாதிரி தன்னையே நகர்த்தி நடுச் சீட்டில் ஏற்றினார். அதற்குள் மூன்று இடத்தில் மூச்சு வாங்கியது. இறங்கிய கைப்பிடி அவர் தொடையில் பதிந்து வேட்டியில் பள்ளம் விழுந்தது.

"பௌதி, இங்க வாங்க. ஜன்னல் பக்கம். கையைச் சுவர்ப் பக்கம் வெச்சுக்கோங்க, யாரும் தொட மாட்டாங்க."

அவள் என் காலையும் காலேஜ் பெண் காலையும் தாண்டிப் போனாள். அவர் எழுந்து அவளுக்கு வழிவிட்டு மறுபடியும் அந்த நடுச் சீட்டில் தன்னை இறக்கினார். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். தோளைச் சுருக்கிக்கொண்டார். சியால்டா லோக்கலில் கூட அப்படி ஒருத்தன் ஒடுங்கி நான் பார்த்ததில்லை.

நான் அவரிடம், "ரொம்ப உபகாரம், தாதா" என்றேன்.

"உங்களுக்காகச் செய்யல" என்றார் திரும்பாமல். "அடுத்த தடவை உங்க சீட்டை நீங்க வாங்கிக்கோங்க."

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அவள் எழுந்துபோன சீட்டு காலி. நான் கைப்பிடியைத் தூக்கிவிட்டுப் பரவினேன். இரண்டு சீட்டும் எனக்கு. ஒன்று வாங்கியவன் இரண்டில் உட்கார்ந்தேன், இரண்டு வாங்கியவர் ஒன்றில் நசுங்கினார். ஜன்னல் வழியே மேகம் தெரிந்தது. மாவு பொங்கின பாத்திரம் மாதிரி இருந்தது. இதை அவளிடம் சொல்லலாம் என்று இந்தப் பக்கம் திரும்பினால், அவள் தூங்கிவிட்டாள். இடது கை விமானச் சுவரோரம் ஒரு தலையணைமேல் இருந்தது. தலை அந்த மனுஷன் தோளில் சாய்ந்திருந்தது. அவர் அசையவில்லை. கொண்டுவந்து வைத்த தண்ணீரைக்கூட எடுக்கவில்லை, தோள் அசையுமே என்று.

கல்யாணமான நாளிலிருந்து என் தோளில் அவள் தூங்கியதில்லை. அதற்கு இடம் இருந்ததில்லை.

சென்னையில் இறங்கியதும் அவர் சக்கர நாற்காலியில் போனார். அவருக்கு என்ன வியாதி என்று நான் கேட்கவில்லை. கூட யாரும் வரவில்லை. அவள்தான் ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

"நல்லாத் தூங்கினியா?" என்றேன்.

"ம். அவரு எவ்வளவு ஒடுங்கி வந்தாரு தெரியுமா? மூச்சக்கூட எம்பக்கம் விடலைங்க."

"நான் மட்டும்?"

"நீங்க காலை நீட்டி ஜன்னல்ல வேடிக்கை பார்த்துட்டு வந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே, "திரும்பி வர்றப்ப இந்தப் பக்கந்தாங்க கேக்கணும். இடது பக்கம். மறக்காதீங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். அவள் கட்டில் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டேன், கட்டில் முழுக்க அவளுக்கு. அவள் அப்போதும் ஓரத்தில்தான் படுத்தாள். பழக்கம். "நடுவுல படு புள்ள, நான்தான் கீழ இருக்கேன்ல" என்றால் நகர்ந்து படுப்பாள். கொஞ்ச நேரத்தில் தூக்கத்தில் மறுபடியும் ஓரத்துக்குப் போய்விடுவாள். விழுந்துவிடப் போகிறாள் என்று நர்ஸ் வந்து கம்பியை ஏற்றிவிட்டுப் போவாள்.

நடுவில் ஒரு தரம் நன்றாகத் தேறினாள். வீக்கம் வடிந்தது. இட்லி கேட்டாள். அதைத் தின்றுவிட்டு, இதுக்குப் பேர் இட்லியா என்று திட்டினாள். அந்தத் திட்டில் எனக்கு உயிர் வந்தது. ஊருக்குப் போகத் தேதி சொன்னார்கள். நான் அன்றைக்கே பூத்துக்குப் போய் ஏஜென்சிப் பையனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணிக்கு இடது பக்கம் ஜன்னல். நல்லாக் கேட்டுக்க, இடது பக்கம். எனக்கு ரெண்டு போடு."

அந்தப் பக்கம் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது.

"என்னடா, சிரிக்கிறியா?"

"இல்ல மாஸ்டர். சரியா எழுதிக்கிறேன். அண்ணிக்கு ஒண்ணு, உங்களுக்கு ரெண்டு. ஒரு வரிசை பூரா உங்களுக்குத்தான்."

அவளிடம் வந்து சொன்னேன். "உனக்குன்னு ஒரு சீட்டு முழுசா. நான் உன்னைத் தொடக்கூட மாட்டேன்."

"தொட்டாத் தொடுங்க" என்றாள். "இடிக்காதீங்க, அவ்வளவுதான்."

அந்தத் தேதி வருவதற்குள் காய்ச்சல் வந்தது. மருந்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் ஆகாது என்றார்கள். ஆகவில்லை. கம்பி ஏற்றிய கட்டிலில், ஓரத்தில், அவள் போய்விட்டாள். சென்னையிலேயே எல்லாம் முடித்தோம். அவள் சொந்தக்காரர்கள் சிலர் வந்தார்கள். தூக்குகிறபோது, பாரமே இல்லையே என்று ஒருத்தர் சொன்னார். அந்தப் பாரமும் என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அங்கே சிரிக்க யாரும் இல்லை.

டிக்கெட்டை மாற்றவில்லை. அது தோன்றவே இல்லை. அதே தேதிக்கு, கையில் ஒரு பையும் அவளுடைய எக்ஸ்ரே உறையுமாக விமான நிலையத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தது சின்னப் பெண், நெற்றியில் விபூதி. டிக்கெட்டைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மூணு சீட்டு இருக்கே சார். மத்த ரெண்டு பேரு எங்க?"

"ரெண்டு சீட்டு எனக்கேதாம்மா. என் உடம்பப் பாரு" என்றேன். அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு. "அந்த இடது பக்கத்து ஜன்னல் இருக்கு பாரு, அது…"

"அப்பா! ஓ அப்பா! எத்தனை தடவை கூப்பிடறது? கல்லு காஞ்சு புகையுது, ரெண்டு டேபிள் மசால் தோசைக்கு உக்காந்திருக்கு, அந்த ஆபீஸ் தாதா வேற கத்தறார். நீங்க இங்க பேப்பரும் பேனாவுமா உக்காந்துக்கிட்டு…"

மகள். இப்போது கல்லாவில் அவள்தான்.

"வரேன்டி, வரேன். இந்த நாற்காலி விட்டாத்தானே."